மழையும் பனியும் மிதிவண்டியும்

(இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். கவிதை எழுத எனக்கு வராது. ஜோக் எழுதினால் நான் மட்டும்தான் சிரிப்பேன். எனக்குத் தெரிந்தது கொஞ்சம் மெக்கானிக்கல், தினமும் செய்வது சைக்கிள் மிதிப்பது. வெண்ணாற்றங்கரைச் சாலையில் போக ஒன்பது கிலோமீட்டர், வர ஒன்பது கிலோமீட்டர். காலை பஸ்ஸைப் பிடித்தால் முதல் பீரியட் பாதியில்தான் வந்து சேர முடியும் என்பதால், பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த அதே சைக்கிள்தான் இன்றைக்கும் எனக்குத் துணை. நம்மில் பலருக்கும் இதே கதைதானே! ஆகவே மழையிலும் குளிரிலும் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றியே எழுதுகிறேன்.

"இதில் என்னப்பா படிப்பதற்கு இருக்கிறது? நனைந்தால் துடைத்துக்கொள்ள வேண்டியதுதானே!" என்கிறீர்களா? நானும் போன வருஷம் நவம்பர் வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று நடந்தது

மூன்றாம் பருவச் செய்முறைத் தேர்வு நாள். விடியற்காலையிலிருந்து பிசுபிசுவென்று தூறல். என் வகுப்பு நண்பனின் சைக்கிள் பஞ்சர். "ஏறுடா மாப்ளே" என்று முன் பாரில் உட்கார வைத்துக்கொண்டேன். ஒரு கையில் ரெக்கார்டு நோட்டுப் பை, மறு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தான். ரயில்வே மேம்பாலத்தில் ஏறி, மறுபக்கச் சரிவில் இறங்கும்போது கீழே ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கைப் பிடித்தேன். பிடித்தது எனக்குத் தெரிந்தது, சைக்கிளுக்குத் தெரியவில்லை! "டேய், பிரேக்கப் புடிடா" என்று அவன் கத்துகிறான். இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டிருக்கிறேன். வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. மாட்டைத் தவிர்க்கத் திருப்பினேன். இருவரும் விழுந்தோம்.

எனக்கு முட்டியில் சிராய்ப்பு. அவன் கையை ஊன்றி விழுந்தான். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அன்றைய செய்முறைத் தேர்வும் போயிற்று, அதற்கடுத்த எழுத்துத் தேர்வுகளும் போயின. பருவம் முழுக்க ஒழுங்காகப் படித்தவனுக்கு, என்னால் அரியர் வந்தது. அவன் ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

பிரேக் கட்டைகள் தேய்ந்திருப்பது ஒரு மாதமாகவே எனக்குத் தெரியும். "அடுத்த வாரம் மாத்திக்கலாம்" என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இந்தக் கட்டுரை அந்த 'அடுத்த வார'த்துக்காக எழுதப்படுவது.

நம் ஊர்க் குளிர்காலம்

நம் பாடப்புத்தகங்களில் குளிர்காலம் என்றால் உறைபனி. நமக்கோ அது மழையோடு வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதத்தில் கொட்டித் தீர்க்கிறது. ஐப்பசியில் அடைமழை என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை. நம்முடைய பருவத் தேர்வும் இதே அக்டோபர், நவம்பரில்தான் வந்து விழுகிறது. மழை என்று வீட்டில் உட்கார முடியாத மாதத்தில்தான் மழை பெய்கிறது!

அதன் பிறகு மார்கழி, தை. மழை குறையும், பனி இறங்கும். சமவெளியில் விடியற்காலை வெப்பநிலை இருபது டிகிரிப் பக்கம்தான் இருக்கும். ஊட்டிப் பக்கத்து நண்பர்களுக்கோ டிசம்பர், ஜனவரி இரவுகளில் பூஜ்ஜியத்தை ஒட்டிப் போய்ப் புல்மேல் உறைபனியே படியும்.

நனைந்தால் ஏன் இவ்வளவு குளிர்கிறது?

இருபத்திரண்டு டிகிரி ஒன்றும் பெரிய குளிரில்லை. அப்புறம் ஏன் மழையில் நனைந்து சைக்கிளில் வந்தவனுக்குப் பல் கிடுகிடுக்கிறது? முதலாண்டு இயற்பியலைக் கொஞ்சம் புரட்டுவோம்.

ஒன்று, கடத்தல். அசையாத காற்றின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.025, தண்ணீருடையது சுமார் 0.6. அதாவது இருபது மடங்குக்கும் மேல். உலர்ந்த துணி நம்மைச் சூடாக வைப்பதற்குக் காரணம் நூலிழை மட்டும் அல்ல, இழைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்றுதான். மழை அந்தக் காற்றை வெளியேற்றித் தண்ணீரை உட்கார வைத்துவிடுகிறது.

இரண்டு, ஆவியாதல். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? கசிந்த நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நனைந்த சட்டையோடு காற்றில் போகிற நாமும் ஒரு மண்பானைதான். கணக்குப் பார்ப்போமா?

நனைந்த பருத்திச் சட்டையிலும் பேண்ட்டிலும் அரை லிட்டர் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ நீர் தோலின் வெப்பநிலையில் ஆவியாகச் சுமார் 2400 கிலோஜூல் வேண்டும். அரைக் கிலோவுக்கு 1200. மனித உடலின் தன்வெப்பம் கிலோவுக்குச் சுமார் 3.5 கிலோஜூல். 60 கிலோ ஆளுக்கு ஒரு டிகிரி குறைய 210 கிலோஜூல் போக வேண்டும். 1200-ஐ 210-ஆல் வகுத்தால் 5.7 டிகிரி! இத்தனையும் உடம்பிலிருந்தே போவதில்லை. காற்றும் கொஞ்சம் வெப்பம் கொடுக்கிறது, உடம்பும் புதிதாக உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. ஆனாலும் 37 டிகிரியில் இருக்க வேண்டிய உடம்பு 35-க்குக் கீழே போனாலே ஆபத்து என்கிறது மருத்துவம். இடைவெளி இரண்டே டிகிரி என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்று, காற்று. மழையில் நடந்து வருபவனைவிடச் சைக்கிளில் வருபவனுக்குக் குளிர் அதிகம். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போனால், காற்றே வீசாத நாளிலும் நம் நெஞ்சில் 18 கி.மீ. வேகக் காற்று மோதுகிறது. தோலை ஒட்டியிருக்கும் வெதுவெதுப்பான காற்றை அது துடைத்துக்கொண்டு போய்விடும்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. நம் உடம்பு ஓர் எஞ்சின். அதன் பயனுறுதிறன் இருபது, இருபத்தைந்து சதவீதம்தான். பெடலுக்கு 75 வாட் கொடுக்கிறோம் என்றால், ஏறக்குறைய 225 முதல் 300 வாட் வரை உடம்புக்குள் வெப்பமாகிறது. அதனால்தான் மிதிக்கும்போது குளிர் தெரிவதில்லை. இறங்கி வகுப்பில் உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் நடுக்கம் பிடிக்கிறது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பது இதுதான்! மலைச்சரிவில் இறங்கும்போதும் இதே கதை. மிதிக்க வேலை இல்லை, வெப்பமும் இல்லை, காற்றோ இரண்டு மடங்கு.

சரி, என்ன போட்டுக்கொள்வது?

மேலே சொன்ன மூன்றையும் புரிந்துகொண்டால் விடை தானாக வரும்.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். தடித்த பருத்தி, தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு சாயந்திரம் வரை விடாது. பாலியெஸ்டர் கலந்த மெல்லிய பேண்ட் சீக்கிரம் காயும். கம்பளி கொஞ்சம் நனைந்தாலும் கதகதப்பு தரும். குளிர்ப் பிரதேச நண்பர்கள் ஒரே தடித்த ஸ்வெட்டருக்குப் பதில் மெல்லியதாக இரண்டு மூன்று போட்டுக்கொண்டால், ஏற்றத்தில் ஒன்றைக் கழற்றலாம், இறக்கத்தில் மாட்டலாம்.

மழைக்கோட்டு போட்டாலும் நனைகிறோமே, ஏன்? வெளியிலிருந்து மழை வரவில்லை, உள்ளிருந்து வியர்வை வருகிறது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு முழு வேகத்தில் மிதித்தால் உள்ளே ஆவி பிடிப்பது போல் ஆகிவிடும். கழுத்திலும் அக்குளிலும் கொஞ்சம் காற்றுப் போக வழி வையுங்கள். வேகத்தைக் குறையுங்கள். நம் வயல்களில் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு நாற்று நடுவார்களே, அதில் இந்தத் தத்துவம் இருக்கிறது. தலையும் முதுகும் மூடியிருக்கும், முன்புறம் திறந்திருக்கும். ஆங்கிலேயரும் டச்சுக்காரர்களும் சைக்கிளுக்கென்றே வைத்திருந்த போர்வை போன்ற மழையங்கியும் இதே வகைதான். தோளிலிருந்து ஹேண்டில்பார் வரை கூடாரம் மாதிரி தொங்கும், கீழே காற்று புகும். ஆனால் பலமான காற்றில் அது பாய்மரமாகிவிடும் என்பதால் அன்று வேண்டாம். எந்த அங்கியானாலும் ஓரம் ஸ்போக்ஸிலோ செயினிலோ சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துப்பட்டா போடும் தங்கைகள் அதைப் பின்னால் முடிந்துகொள்ளுங்கள்.

செலவில்லாத ஒரு வழி சொல்கிறேன். மார்கழிக் காலையில் சட்டைக்குள் நெஞ்சுப் பக்கம் இரண்டு தாள் பழைய செய்தித்தாளைச் செருகிக்கொள்ளுங்கள். காற்று உள்ளே வராது. ஐரோப்பாவில் மலையேறும் சைக்கிள் பந்தய வீரர்களே, உச்சியில் செய்தித்தாளை வாங்கி உள்ளே செருகிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். நாம் செய்வதற்கு என்ன வெட்கம்?

கால்களுக்கு: ரப்பர் செருப்பு ஈரப் பெடலில் வழுக்கும். பட்டையுள்ள செருப்பில் வந்து, ஒர்க்‌ஷாப் ஷூவைப் பையில் எடுத்து வருவது நல்லது. ஷூ நனைந்துவிட்டால் இரவில் உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள், ஈரத்தை உறிஞ்சிவிடும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் தோல் வெடிக்கும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், பையில் ஒரு உலர்ந்த சட்டை, ஒரு துண்டு. வந்து சேர்ந்ததும் முதலில் ஈரத்தை மாற்றுங்கள், பிறகு டீ. வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். எஞ்சினுக்கு எரிபொருள் வேண்டாமா?

குடை பிடித்துக்கொண்டு ஓட்டலாமா?

நம் கேட்டில் தினமும் பார்க்கும் காட்சி. ஒரு கையில் குடை, ஒரு கையில் ஹேண்டில்பார். கணக்கே பதில் சொல்லட்டும்.

ஒரு மீட்டர் விட்டமுள்ள குடையின் பரப்பு சுமார் 0.785 சதுர மீட்டர். காற்றின் அடர்த்தி 1.2. இழுவைக் கெழு 1.2 என்று கொள்வோம். நம் வேகமும் எதிர்க்காற்றும் சேர்ந்து நொடிக்கு 10 மீட்டர் என்றால், விசை = ½ × 1.2 × 1.2 × 0.785 × 100 = சுமார் 56 நியூட்டன். ஏறக்குறைய ஆறு கிலோ எடையை நீட்டிய கையில் யாரோ தொங்கவிட்டது போல! அதுவும் திடீரென்று, பக்கவாட்டிலிருந்து வந்தால்? கூடவே இரண்டு பிரேக்கில் ஒன்றுக்குக் கை இல்லை. குடையைக் கேரியரில் கட்டுங்கள். குடைதான் வேண்டுமென்றால் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடங்கள்.

பிரேக் கணக்கு

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கணக்கை முன்பே போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

நம் சைக்கிள்களில் பெரும்பாலும் குரோம் முலாம் பூசிய எஃகு ரிம். கம்பி பிரேக் என்றால் ரப்பர் கட்டை ரிம்மின் உட்புறத்தைப் பிடிக்கும், கேபிள் பிரேக் என்றால் பக்கவாட்டைப் பிடிக்கும். எதுவானாலும் வழவழப்பான குரோமுக்கும் ரப்பருக்கும் நடுவே தண்ணீர்ப் படலம் வந்துவிட்டால் அதுவே மசகு எண்ணெய்! உராய்வு பாதிக்கும் கீழே போய்விடும். கட்டை தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

உலர்ந்த நாளில் நம் பிரேக் நொடிக்கு நொடி 2.5 மீட்டர் வேகத்தைக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஈரத்தில் அது மூன்றில் ஒரு பங்காகி 0.83 ஆகிறது என்போம். நிற்கும் தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (இரண்டு × வேகக் குறைவு).

சமதளம், மணிக்கு 18 கி.மீ. (நொடிக்கு 5 மீ.): உலர்ந்தபோது 5 மீட்டர், ஈரத்தில் 15 மீட்டர்.

மணிக்கு 27 கி.மீ. (நொடிக்கு 7.5 மீ.): உலர்ந்தபோது 11 மீட்டர், ஈரத்தில் 34 மீட்டர்.

இப்போது பாலத்துச் சரிவு. 25-க்கு 1 சரிவு என்றால், புவியீர்ப்பு நம்மை நொடிக்கு நொடி 0.39 மீட்டர் வேகப்படுத்துகிறது. பிரேக்கின் 0.83-லிருந்து இதைக் கழித்தால் மிச்சம் 0.44. அதே 27 கி.மீ. வேகத்தில் நிற்கும் தூரம் 64 மீட்டர்.

இது ஒற்றை ஆளுக்கு. சைக்கிளும் நானும் 80 கிலோ என்றால், ஈரத்தில் என் பிரேக் கொடுக்கும் விசை 80 × 0.83 = சுமார் 66 நியூட்டன். பாரில் இன்னொரு 60 கிலோ ஏறினால் மொத்தம் 140. விசை அதேதான், நிறை கூடிவிட்டது. 66 ÷ 140 = 0.47. சரிவின் 0.39-ஐக் கழித்தால் மிச்சம் வெறும் 0.08. நிற்கும் தூரம் 300 மீட்டருக்கும் மேல்!

நண்பர்களே, இந்தக் கணக்கை முடித்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கணக்குப்படி அன்று அந்தச் சரிவில் நான் நின்றிருக்கவே முடியாது. மாடு வந்தது காரணமே இல்லை. பாலத்தின் உச்சியிலேயே நாங்கள் விழுந்தாகிவிட்டது. கீழே வந்தது அதன் முடிவு மட்டும்தான்.

இவை நான் எடுத்துக்கொண்ட மதிப்புகள். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரே வேகத்தில் வந்து, கோட்டில் பிரேக் பிடித்து நின்ற இடத்தை அளக்க வேண்டும். பிறகு ரிம்மில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி மறுபடி. ஒரே ஒரு முறை செய்து பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது.

என்ன செய்யலாம்?

1. மழைக்காலத்துக்கு முன்பே, அதாவது புரட்டாசியிலேயே நான்கு பிரேக் கட்டைகளையும் பார்த்துவிடுங்கள். கட்டையில் கல், இரும்புத் துகள் ஒட்டியிருந்தால் பிடுங்கி எறியுங்கள். ரிம்மில் எண்ணெய் பட்டிருந்தால் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள்.

2. ஈரத்தில் நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பாகவே பிரேக்கை லேசாகத் தொட்டபடி வாருங்கள். கட்டை ரிம்மைத் துடைக்கும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு பிடி கிடைக்கும். அதன்பின் அழுத்துங்கள்.

3. சரிவின் உச்சியிலேயே வேகத்தைக் குறையுங்கள். வேகம் பாதியானால் நிற்கும் தூரம் கால்வாசி.

4. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். திருப்பத்தில் பிரேக் பிடிக்காதீர்கள், திருப்பத்துக்கு முன்பே பிடித்து முடியுங்கள். ஈரத் திருப்பத்தில் முன் பிரேக்கை இறுக்கினால் முன்சக்கரம் வழுக்கும். பின்சக்கரம் வழுக்கினாலாவது சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் தரைதான்.

5. மழையில் டபுள்ஸ் கிடையாது. நட்பு எவ்வளவு பெரிதானாலும் கிடையாது.

சாலை எங்கே வழுக்கும்?

வண்டி வேகமாகப் போனால் டயர் தண்ணீர்மேல் மிதக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. அது காருக்கும் விமானத்துக்கும் உள்ள கவலை. டயர் மிதக்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 40 பவுண்டு அழுத்தமுள்ள டயருக்கு அது மணிக்கு 100 கி.மீ.க்கும் மேல். நம் மிதிக்கு அது எட்டாது! நமக்கு எமன் வேறு.

முதல் மழை: பல நாள் வெயிலில் சிந்திய எண்ணெயும் புழுதியும் முதல் அரை மணித் தூறலில் குழம்பாகும். பெருமழையைவிட இந்தத் தூறலில்தான் அதிகக் கவனம் வேண்டும். என் விபத்தும் தூறலில்தான்.

வெள்ளைக் கோடுகள், பாதாளச் சாக்கடை மூடிகள், பாலத்து இரும்பு இணைப்புகள், ரயில்வே கேட் தண்டவாளங்கள்: இவற்றின்மேல் திருப்பவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் சக்கரம் பள்ளத்தில் சிக்கும். இறங்கி உருட்டினால் இன்னும் உத்தமம். அறுவடைக் காலத்தில் சாலையில் கிடக்கும் ஈர வைக்கோலும், களத்துமேட்டுக் களிமண்ணும் இதே ரகம்.

தேங்கிய தண்ணீர்: அடி தெரியாத தண்ணீரில் ஓட்டாதீர்கள். உள்ளே பள்ளமா, மூடியில்லாத சாக்கடையா என்று யாருக்குத் தெரியும்? வெள்ள நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், காலில் காயம் இருந்தால் அதன் வழியே புகும். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நாம் தெரிகிறோமா?

டிசம்பரில் மாலை ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. மழை மூட்டத்தில் ஐந்தரைக்கே இருட்டு. பழைய சைக்கிள்களில் டயரில் உரசி ஓடும் டைனமோ உண்டு. 6 வோல்ட், 3 வாட். டயர் நனைந்தால் அதன் தலை வழுக்கி விளக்கு அணைந்து அணைந்து எரியும். இன்று மின்கலத்தில் எரியும் சிறிய எல்.இ.டி. விளக்குகள் எல்லாச் சைக்கிள் கடையிலும் கிடைக்கின்றன. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. பின் மட்கார்டு ரிஃப்ளெக்டரில் சேறு அப்பியிருந்தால் அது இருந்தும் இல்லாததுதான். கிளம்பும் முன் ஒரு துடை துடையுங்கள். கறுப்பு மழைக்கோட்டு வாங்காதீர்கள், மஞ்சளோ ஆரஞ்சோ வாங்குங்கள். மார்கழி மூடுபனியில் லாரிக்காரருக்கு நாம் தெரிவது கடைசி நொடியில்தான்.

ரெக்கார்டு நோட்டு நனையாமல் இருக்க

இதைச் சொல்லாவிட்டால் ஒருவரும் என்னை மன்னிக்க மாட்டீர்கள். நாம் நனைந்தால் காய்ந்துவிடுவோம். கையெழுத்து வாங்கிய ரெக்கார்டு நனைந்தால் மறுபடி முதல் சோதனையிலிருந்து எழுத வேண்டும்! பையின்மேல் உறை போடுவதைவிட, பைக்குள் தடித்த பாலித்தீன் பை ஒன்றை வைத்து அதற்குள் நோட்டுகளை அடுக்கி வாயை இரண்டு முறை மடித்துக் கட்டுவது மேல். தையல் வழியாக வரும் நீரும் தடுக்கப்படும். டிராயிங் ஷீட்டைச் சுருட்டிக் குழாய்க்குள் போட்டு, மூடியைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டுங்கள். கால்குலேட்டருக்கும் செல்போனுக்கும் தனிப் பை.

சைக்கிளுக்கும் சளி பிடிக்கும்

இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. மூன்றில் ஒன்றை விலக்கினால் போதும். எண்ணெய்ப் படலம் செய்வது அதைத்தான். மழை செயினிலிருந்து எண்ணெயைக் கழுவிவிடும், மறுநாள் காலை செம்பழுப்பாக இருக்கும். நனைந்து வந்த அன்றைக்கே பழைய துணியால் செயினைத் துடைத்து, ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை. வழிய வழிய ஊற்றினால் மண் ஒட்டும், ரிம்முக்கும் தெறிக்கும். பிரேக் என்ன ஆகும் என்று மேலே படித்தீர்கள்.

ஹப்பிலும் பெடல் அச்சிலும் உள்ள பால்ஸ் கிரீஸில் மிதப்பவை. முங்கும் அளவு தண்ணீரில் போனால் கிரீஸ் வெளுத்துவிடும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை ஓவராயிலிங் செய்து புதுக் கிரீஸ் வைப்பது, கோன் தேய்ந்து மாற்றுவதைவிட மலிவு. கடலோர ஊர் நண்பர்களுக்கு உப்புக் காற்றும் சேர்வதால் இது கட்டாயம். சீட்டின்மேல் பாலித்தீன் பை, முன் மட்கார்டின் நுனியில் தரைக்குச் சற்று மேல்வரை தொங்கும் ஒரு ரப்பர் துண்டு. பழைய டியூபை வெட்டினால் போதும், பாதிச் சேறு காலில் தெறிக்காது.

விபத்துக்குப் பிறகு சைக்கிளைக் கொண்டுபோனபோது கடை பாய் கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "தம்பி, இதுல ரப்பரே இல்லையே, இரும்புதான இருக்கு. ஓடுறதுக்கு மட்டும் பாத்தீங்க, நிக்கிறதுக்குப் பாக்கலியே" என்றார். பயன்பாட்டு இயக்கவியலில் நான் வாங்கிய மதிப்பெண் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. எண்பத்தாறு!

எப்போது ஓட்டவே கூடாது?

வீரம் வேண்டாத நாட்களும் உண்டு. வானிலை ஆய்வுத் துறை கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில் சைக்கிள் வீட்டில் இருக்கட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் நம் டெல்டாவில் தென்னைகளையும் மின்கம்பங்களையும் எப்படிச் சாய்த்தது என்பதைப் பார்த்தவர்கள் நாம். அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஈரத்தரையில் அதன் அருகே போவதே ஆபத்து. விலகி நின்று, மற்றவரையும் தடுத்து, மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

இடி மின்னலில் "டயர் ரப்பர்தானே, ஒன்றும் ஆகாது" என்று நம்பாதீர்கள். மேகத்திலிருந்து தரைவரை காற்றைக் கிழித்துவரும் மின்னலுக்கு ஓர் அங்குல ரப்பர் எம்மாத்திரம்? மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எத்தனை நொடி என்று எண்ணி மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். முப்பது நொடிக்குள் என்றால் இறங்கி ஒரு கட்டடத்துக்குள் போங்கள். தனி மரத்தடி கூடாது.

கூட வருபவனுக்கு நடுக்கம் நிற்காமல் இருந்தாலோ, பேச்சு குழறினாலோ, பொத்தானைப் போடக்கூட விரல் வராவிட்டாலோ, அது வெறும் குளிர் அல்ல. ஈரத் துணியைக் கழற்றி, உலர்ந்ததைப் போர்த்தி, சர்க்கரை போட்ட சூடான டீ கொடுங்கள். மயங்கினால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

முடிக்கும் முன்

கிளம்பும்போது அரை நிமிஷம் போதும்: பிரேக், காற்று, செயின், விளக்கு, உலர்ந்த சட்டை. ஐந்து விரலுக்கு ஐந்து. மடக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.

என் நண்பன் ஏப்ரலில் அரியர் எழுதிப் பாஸ் செய்துவிட்டான். மணிக்கட்டு இப்போது நன்றாக இருக்கிறது. லேத்தில் நீண்ட நேரம் நின்றால் மட்டும் கொஞ்சம் வலிக்கிறது என்பான். இந்த ஐப்பசியில் முதல் மழை பெய்த அன்று, அவன் தன் சைக்கிளிலும் நான் என் சைக்கிளிலுமாக அதே பாலத்தில் ஏறினோம். உச்சியில் சொல்லாமலே இருவரும் நின்றோம்.

"கட்டை மாத்திட்டியாடா?" என்றான்.

"போன மாசமே மாத்திட்டேன்."

"அப்ப நீ முன்னாடி போ. நான் பார்த்துக்கிட்டே வரேன்."

பிரேக்கை லேசாகத் தொட்டபடி, நடக்கிற வேகத்தில் இறங்கினோம். வகுப்புக்கு இரண்டு நிமிஷம் தாமதம். சார் "ஏன் லேட்?" என்றார். "மழை சார்" என்றோம். அதற்கு மேல் சொல்ல வேண்டியதை இந்த மலரில் எழுதிவிட்டேன்.